அந்தப் பெண் சொல்லி முடிக்கட்டும்

கும்பகோணத்தில் மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை புத்தகம் பேசக் கூடும் நம் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு,



சென்ற கூட்டம் முடிந்து 17 நாளாகிறது. அன்று கூட்டத்தை நடத்தியவள் நான். யார் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறார், எத்தனை நிமிடம் என்று எழுதிய தாள் என் மடியில் இருந்தது. அதில் ஒரு பெயருக்கு நேராக 10 நிமிடம் என்று என் கையாலேயே குறித்திருந்தேன். அவர் பேசியது 4 நிமிடம்கூட இருக்காது. மீதி 6 நிமிடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நாம்தான். அதில் என் பங்கு உங்கள் எல்லாருடையதையும்விடப் பெரிது. தனித்தனியாக ஃபோனில் பேசியிருக்கலாம். ஆனால் நடந்தது எல்லார் முன்னிலையிலும் நடந்தது. இதையும் எல்லாரும் சேர்ந்து படிப்பதுதான் முறை என்று பட்டது.

அன்று வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். நம்மிடம் வந்து சேர்ந்து 3 மாதமே ஆன அந்தப் பெண், 24 வயது, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், ஜானகிராமனின் "மோகமுள்" நாவலைப் படித்துவிட்டு வந்திருந்தார். முதல் தடவை. நூலகப் பிரதி. கையில் ஒரு நோட்டு. எழுந்து நின்று பாபுவையும் யமுனாவையும் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். பிறகு, "தங்கம்மா செத்ததுக்கு அப்புறம் எனக்குப் புத்தகத்துல மனசு போகலை. எல்லாரும் அவளைத் தாண்டிப் போயிட்டாங்க. பாபு போனார், கதை போச்சு, படிக்கிறவங்களும் போயிட்டாங்க. என்னால போக முடியலை" என்றார்.

அடுத்த வாக்கியத்துக்கு நோட்டைப் புரட்டினார். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இதைப் படிக்க ஒரு வயசு வேணும்மா." இன்னொருவர், பாபுவுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் ரங்கண்ணாவைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை, சங்கீதத்தில் கொஞ்சமாவது பழக்கம் இல்லாமல் இந்த நாவலுக்குள் நுழைய முடியாது என்றார். மூன்றாமவர், ஜானகிராமன் இந்த ஊர்க் கல்லூரியில் படித்த காலத்தையும் காவிரிப் படித்துறையையும் பற்றிப் பேச ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினோம். அந்தப் பெண் நோட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "டீ வந்தாச்சு, குடிச்சுட்டுத் தொடரலாம்" என்றேன். அப்போது டீ வரவில்லை. அது வந்தது 10 நிமிடம் கழித்து. டீ குடித்து முடித்ததும் அடுத்த பெயரைப் படித்தேன்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த ஊரில் "மோகமுள்"ளைக் குறை சொல்வது, ஒருவருடைய தாயாரைப் பற்றி அவர் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து பேசுவது மாதிரி. நாம் காய்கறி வாங்கப் போகும் தெருக்களில் அந்தக் கதை நடக்கிறது. 1944 இல் இறந்துபோகும் வரை கு.ப. ராஜகோபாலன் இங்கேதான் இருந்தார். அவரைச் சுற்றி ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு, எம்.வி. வெங்கட்ராம் என்று இளைஞர்கள் கூடினார்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லும்போது நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு வாசகியை உட்கார வைத்துவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

நான் யார், என்ன படிப்பு என்று இத்தனை வருஷத்தில் நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. 33 வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். 1981 இல் சேர்ந்தபோது ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலம். கேலி புரூஃப் ஈரம் காயாமல் மேசைக்கு வரும். கையெழுத்துப் பிரதியை ஒரு பெண் வரி வரியாகப் படிப்பாள், நான் அச்சில் ஓடிக்கொண்டே வருவேன். பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், மகாமகம் வந்தால் மகாமக மலர். நடுநடுவே நாவலும் வரும், கவிதையும் வரும். எல்லாம் எங்களுக்கு ஒன்றுதான். சேர்ந்த முதல் வாரமே பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: கதைக்குள்ளே போனால் பிழை தப்பிவிடும். நான் கதைக்குள் போகவில்லை. ண, ன, ல, ள, ர, ற. ஒற்று இருக்கிறதா, காலோடு கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா. இப்படி எத்தனை ஆயிரம் பக்கம் என் கண்ணுக்கு அடியில் ஓடியது என்று கணக்குச் சொல்ல முடியாது. ஒரு புத்தகத்தைக்கூட நான் படிக்கவில்லை.

9 வருஷத்துக்கு முன்னால் இந்த வட்டத்தில் நாம் 6 பேர்தான். முதல் கூட்டத்தில் அசோகமித்திரனின் "தண்ணீர்" பேசினோம். என் முறை வந்தபோது புத்தகத்தில் இருந்த 11 அச்சுப்பிழைகளைச் சொன்னேன். யாரும் என்னை மறிக்கவில்லை. நம் தபால்கார அண்ணன், அவர் காலமாகி 4 வருஷமாகிறது, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, படிக்கும்போது உங்களுக்கு என்ன பட்டது?" என்றார். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அந்த நாவலைத் திரும்ப எடுத்தேன். உயிரை விடத் துணிந்த ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்கிற இடம். அழுகிறவளைத் தேற்றும் பேச்சே அதில் கிடையாது. தன் கல்யாணத்தையும் நோயாளிக் கணவனையும் மாமியாரையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். என் அம்மா அப்படித்தான் இருந்தார். ராத்திரி 11 மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். 55 வயதில் நான் படித்த முதல் புத்தகம் அது.

"என்ன பட்டது?" என்ற அந்த ஒரு கேள்வியில்தான் நம் வட்டம் இத்தனை வருஷமாக நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். கேள்வியில் அடக்கம் இருக்கிறது. புத்தகம் எப்படிப்பட்டது என்று தீர்ப்புக் கேட்கவில்லை. உன் மேல் எங்கே பட்டது என்று கேட்கிறது. அதற்குப் பதில் சொல்ல வயதும் வேண்டாம், சங்கீதமும் வேண்டாம். புத்தகத்தை உண்மையாகப் படித்திருந்தால் போதும்.

நல்ல கூட்டங்கள் நடந்திருக்கின்றன. "வேள்வித் தீ" பேசிய நாளை மறக்க முடியுமா? சௌராஷ்டிர நெசவாளர் தெருவைப் பற்றிய நாவல். எம்.வி.வி. அதே சமூகத்தில் பிறந்து பட்டு ஜரிகை வியாபாரமும் பார்த்தவர். நம் நெசவாளர் நண்பர் அன்று புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறுவதையும், தெருவில் பாவு நீட்ட முடியாமல் வாரக்கணக்கில் கூலி நிற்பதையும், முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதையும் சொன்னார். கடைசியில், "இந்தப் புத்தகம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆனா எங்க வீட்டுப் பொம்பளைங்க இதைவிட அதிகமா உழைச்சாங்க. அது இதுல பத்தாது" என்றார். 25 நிமிடம் பேசினார். அன்றைக்கும் கடிகாரம் என் கையில்தான் இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

இதை யோசித்து யோசித்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. அவரும் ஒரு நல்ல நாவலில் பெண்களுக்கு இடம் போதவில்லை என்றுதான் சொன்னார். கேட்டுக்கொண்டோம், கைதட்டினோம். அவருக்கு 58 வயது, தறி அவருடையது, பேசும் உரிமை அவருக்கு உண்டு என்று நம் மனம் தானாக ஒப்புக்கொண்டது. அந்தப் பெண் ஏறக்குறைய அதே விஷயத்தைத்தான் சொல்ல வந்தார். அவருக்கு 24 வயது. எதன் பேரில் அவருக்கு உரிமை என்று நாம் கேட்டுவிட்டோம். வாயால் கேட்கவில்லை, டீயால் கேட்டோம்.

புத்தகத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பற்றிய பேச்சைப் பேசுகிற பழக்கம் நம்மிடம் கொஞ்ச நாளாக வந்திருக்கிறது. "வெக்கை" பேசிய மாதம் ஓர் உதாரணம். 1982 இல் பூமணி எழுதிய நாவல். 2019 இல் "அசுரன்" படம் வந்த பிறகு நாம் அதை எடுத்தோம். 8 பேர் பேசினார்கள். 6 பேர் படத்தையும் நாவலையும் ஒப்பிட்டார்கள், சாதியைப் பற்றியும் நில உரிமையைப் பற்றியும் பேசினார்கள். தேவையான பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் அந்த நாவலில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. 15 வயதுப் பையனும் அவன் அப்பாவும் காடு கரடு என்று ஒளிந்து திரிகிறார்கள். மிச்சப் புத்தகம் முழுக்க அவர்கள் எங்கே தண்ணீர் குடித்தார்கள், எதைச் சுட்டுத் தின்றார்கள், எந்த மரத்தடியில் படுத்தார்கள் என்பதுதான். கொலை செய்த பிள்ளைக்குப் பசிக்குமே என்று ஓர் அப்பா சமைக்கிறார். அதைச் சொல்ல வேண்டும் என்று போயிருந்தேன். எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறார்களே, நாம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதா என்று கூசி, படம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். என் வாயை யாரும் அடைக்கவில்லை, நானே அடைத்துக்கொண்டேன். இப்படி எத்தனை பேர் எத்தனை மாதம் உள்ளதை விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்?

பிடிக்காததைச் சொல்வதும் இதில் சேர்த்திதான். ஜோ டி குரூஸின் "ஆழி சூழ் உலகு" எனக்கு முதல் 60 பக்கம் திறக்கவே இல்லை. கடற்கரை மக்களின் பேச்சு அப்படியே இருக்கிறது. என் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. பரதவர் சொல் ஒன்றுக்கும் எனக்குப் பொருள் தெரியவில்லை. தூத்துக்குடியில் 2 வருஷம் இருந்த நம் பாத்திரக்கடை நண்பர் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைச் சொல்லிக்கொடுத்த பிறகு மறுபடி தொடங்கினேன். இந்த முறை 4 நாளில் முடித்தேன். முதல் முறை சொன்ன குறையை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாவல் வெளியூர்க்காரருக்கு எளிதாக இடம் கொடுப்பதில்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் கட்டுமரத்தில் கடலோடு போராடும் அந்த மனிதர்களை இனி மறக்கவும் மாட்டேன். இரண்டும் உண்மை. நான் குறை சொன்னதால்தான் நண்பர் எழுந்து வந்து சொல்லிக்கொடுத்தார். பிரமாதம் என்று சொல்லியிருந்தால் 60 ஆம் பக்கத்தோடு அந்தப் புத்தகம் எனக்கு முடிந்திருக்கும்.

சல்மாவின் "இரண்டாம் ஜாமங்களின் கதை"யில் உறவு முறைகள் குழம்பி, ஒரு தாளில் வம்சம் போட்டுக்கொண்டு படித்தேன். அந்தத் தாளை இங்கே 5 பேர் வாங்கிப் போய்ப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் புரியவில்லை என்று ஒருத்தி சொன்னதால் வந்த நன்மை அது.

பக்கத்து வலங்கைமானில் பிறந்த க.நா.சு.வை நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறோம். "படித்திருக்கிறீர்களா?" என்று ஒரு புத்தகத்துக்கே பெயர் வைத்தவர். தான் படித்ததில் எது நல்லது, எது இல்லை என்று பட்டதைப் பட்டபடி சொன்னார்; அதற்காக நிறையப் பேரின் கோபத்தையும் சம்பாதித்தார். சி.சு. செல்லப்பாவுக்கு அந்த வழி போதவில்லை. அபிப்பிராயம் மட்டும் போதாது, வரி வரியாக அலசிக் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. இருவரும் 1912 இல் பிறந்தவர்கள், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் வாதாடியவர்கள். அந்தச் செல்லப்பா 1959 இல் "எழுத்து" பத்திரிகையைத் தொடங்கியபோது க.நா.சு.வின் படைப்புகளையும் அதில் போட்டார். புதுக்கவிதை வேர் பிடித்த இடம் அந்தப் பத்திரிகை. ஒத்துப்போனவர்களை மட்டும் வைத்துக்கொண்டு அவர் அதை நடத்தியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சென்னையில் 1970 இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனையின் வழக்கம். பத்திரிகைகளில் அந்த மாதம் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, ஏன் அது என்று கூட்டத்தில் சொல்வார். ஆண்டு முடிவில் அந்த 12 கதைகளிலிருந்து இன்னொருவர் ஒன்றை எடுப்பார். படிக்கக் கற்ற பிறகு அந்த ஆண்டுத் தொகுப்புகளைத் தேடி வாங்கியவள் நான். அதில் எனக்குப் பிடித்தது, தேர்வு ஒரு தனி மனிதருடையதாக இருந்தது. பிறருக்கு அது தவறாகப் படலாம், அடுத்த மாதம் வேறொருவர் வேறு மாதிரி தேர்வு செய்யலாம். ஆனால் இந்த மாதம் இந்த வாசகர் இந்தக் கதையை எடுத்தார், அவர் காரணத்தைச் சொல்லி முடிக்கும் வரை மற்றவர்கள் கேட்டார்கள்.

இனி அந்தப் பெண் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

கூட்டம் முடிந்த மறுநாள் என் "மோகமுள்" பிரதியை அலமாரியிலிருந்து எடுத்தேன். நான் இரண்டு முறை படித்த புத்தகம். ரங்கண்ணாவின் பகுதிகளில் அடிக்கோடு இருக்கிறது. யமுனா வறுமையில் நொடிந்து சென்னைக்கு வந்து நிற்கும் பகுதியில் பக்கமே மடிந்து கிடக்கிறது. தங்கம்மாளைத் தேடினேன். கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட அந்தச் சின்னப் பெண், பக்கத்து வீட்டிலிருந்து பாபுவைத் தேடி வருகிறாள். ஒரு முறை அவன் இணங்குகிறான். பிறகு யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்று குமைகிறான், அவளை விலக்குகிறான். அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அந்தச் சாவு வரும் பக்கத்துக்கு வந்தேன். அதன் ஓரத்தில் நான் ஏதோ எழுதியிருந்தது தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

சிவப்பு மையில் ஒரு "ப்". விட்டுப்போன ஒற்று. அதை நான் சரி செய்திருக்கிறேன்.

நண்பர்களே, ஒரு பெண் செத்துப்போன பக்கத்தில் நான் ஒற்றுப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். இரண்டு முறை. தபால்கார அண்ணன் எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்த பிறகும் அந்த இடத்தில் நான் பழைய புரூஃப் மேசைக்கே திரும்பியிருக்கிறேன். எல்லாரும் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள், படிக்கிறவர்களும் போய்விட்டார்கள் என்று அந்தப் பெண் சொன்னபோது, அந்தப் படிக்கிறவர்களில் நானும் இருந்தேன்.

பிறகு மூன்றாம் முறை படித்தேன். ஜானகிராமன் மீது எனக்கு இருந்த மதிப்பு குறையவில்லை. வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. பாபு அவளைத் தாண்டிப் போவதை அவர் மறைக்கவில்லை. தன் காதல் பெரிது என்று நினைக்கிறவன் இன்னொருத்தியின் தனிமையைக் கண்ணெதிரே பார்த்தும் எப்படி அதைத் தன் பாவக் கணக்காக மட்டும் மாற்றிக்கொள்கிறான் என்பது அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அவர் வேண்டுமென்றே எழுதினாரா, எழுத்தில் தானாக வந்து விழுந்ததா என்று வாதாடலாம். அவளுக்கு இன்னும் பக்கம் கொடுத்திருக்க வேண்டும் என்றே இப்போது எனக்குப் படுகிறது. உங்களில் பலர் மறுப்பீர்கள். மறுக்க வேண்டும். சங்கீதம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ரங்கண்ணாவிடம் பாபு கற்ற சாதகத்துக்கும் தங்கம்மாளிடம் அவன் காட்டிய கோழைத்தனத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல முடியும். அந்தப் பேச்சு அன்றே நடந்திருக்க வேண்டியது. நான்தான் டீ என்று சொன்னேன்.

போன வியாழக்கிழமை அந்த மருந்துக்கடைக்குப் போனேன். மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம். "வாங்கம்மா, என்ன மாத்திரை?" என்றார். மாத்திரைக்கு வரவில்லை, மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். பதறிப்போய் ஸ்டூலை எடுத்துப் போட்டார். நர்சிங் படித்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பயிற்சிக் காலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ராத்திரி வேலை பார்த்திருக்கிறார். அங்கே பார்த்ததையும், அதனால் தங்கம்மாளின் பக்கங்களைத் தான் எப்படிப் படிக்க நேர்ந்தது என்பதையும் அரை மணி நேரம் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் சொல்ல வேண்டியது அது, நம் கூட்டத்தில், நின்று, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒன்று மட்டும் சொல்கிறேன்: இத்தனை வருஷத்தில் "மோகமுள்"ளைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன், அவர் சொன்னதை அவற்றில் நான் பார்த்ததில்லை.

இனிமேல் வருவீர்களா என்று கேட்டேன். "நூலகத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேம்மா" என்றார். வேறு பதில் சொல்லவில்லை. என் பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சிவப்பு "ப்" இருக்கும் பக்கத்தைக் காட்டினேன். வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு சிரித்தார், அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இரவு 8 மணிக்கு ஃபோன் செய்து, வருகிறேன் என்றார்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு நாம் முடிவு செய்திருந்தது ராஜம் கிருஷ்ணனின் "கரிப்பு மணிகள்". தூத்துக்குடி உப்பளத்துக்கே போய், அளத்துக் கூலிகளோடு பழகி அவர் எழுதிய நாவல். அதற்கு ஒரு முழு மாலை வேண்டும். அதை அதற்கடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைப்போம். படித்து முடித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் படித்து முடித்துவிட்டேன். இந்த முறை "மோகமுள்". முடிந்தவர்கள் தங்கம்மாள் வரும் பகுதிகளை மறுபடி படித்துவிட்டு வாருங்கள். அன்று வயது வேண்டும் என்று சொன்ன நண்பரும், சங்கீதத்தைப் பற்றிச் சொன்ன நண்பரும், படித்துறையைப் பற்றிப் பேசிய நண்பரும் அவசியம் வர வேண்டும். உங்கள் பேச்சு எனக்கு வேண்டும், அந்தப் பெண்ணுக்கும் வேண்டும். அவர் முடித்த பிறகு.

ஞாயிறு மாலை 4 மணி, அதே மாடி அறை. முதலில் அவர் பேசுகிறார். நிமிடம் எழுதிய தாள் கிடையாது. டீக்கடைத் தம்பியிடம் சொல்லிவிட்டேன், நான் கீழே இறங்கி வந்து கூப்பிடும் வரை கொண்டு வர வேண்டாம் என்று.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி
கும்பகோணம்